முதல் வேலையும் தேர்வு முறையின் நியாயமும்

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு தொடங்கியதும் பிளேஸ்மெண்ட் அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் நிறுவனங்களின் பெயர்கள் வரத் தொடங்கும். ஒவ்வொரு அறிவிப்பிலும் மாணவர்கள் முதலில் தேடுவது சம்பளத்தை. அதற்குக் கீழே தகுதி இருக்கும்: பத்தாம் வகுப்பில் 60 சதவீதம், பன்னிரண்டாம் வகுப்பில் 60, பட்டப் படிப்பில் 60, நிலுவையில் அரியர் கூடாது. நிறுவனத்துக்கு நிறுவனம் எண் சற்றே மாறும், வரி மாறாது. மென்பொருள் எழுதும் வேலைக்கு இருபத்தொரு வயதில் விண்ணப்பிக்கும் ஒருவர், பதினைந்து வயதில் சமூக அறிவியல் தாளில் எத்தனை மதிப்பெண் வாங்கினார் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த நிபந்தனைக்கு உண்மையில் எவ்வளவு தேவை இருக்கிறது என்பதைக் கரோனா காட்டிக் கொடுத்தது. 2021இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. சான்றிதழில் மதிப்பெண் இல்லை. அந்தப் பிள்ளைகள்தான் 2023இல் பொறியியலில் சேர்ந்து 2027இல் பட்டம் பெறப் போகிறவர்கள். மதிப்பெண்ணே இல்லாத சான்றிதழிலிருந்து எந்த நிறுவனமும் 60 சதவீதத்தைக் கணக்கிட முடியாது. அந்த ஓர் அணிக்காக நிபந்தனையைத் தளர்த்துவதால் எந்த நிறுவனமும் மூழ்கிவிடப் போவதில்லை. அப்படியென்றால் மற்ற ஆண்டுகளில் அது எதற்கு?

விடை கடினமானதல்ல. ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவியும் இடத்தில் பாதியைப் பார்க்காமலேயே ஒதுக்க ஓர் எண் வேண்டும். செலவில்லாமல் கிடைப்பது பழைய மதிப்பெண். அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை, வடிகட்டப்பட்டவர் தலையில் போய் விழுகிறது. பதினைந்து வயது மதிப்பெண்ணில் மாணவரின் அறிவு மட்டுமா இருக்கிறது? அவர் படித்த பள்ளியில் கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்ததா, வீட்டில் டியூஷனுக்குப் பணம் இருந்ததா, அறுவடைக் காலத்தில் பள்ளிக்கு எத்தனை நாள் போக முடிந்தது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண்.

யாருக்குக் கல்வி, யாருக்கு அரசு வேலை என்ற கேள்வியைத் தமிழ்நாடு நூறாண்டாக விவாதித்து வந்திருக்கிறது. 1921இன் வகுப்புவாரி அரசாணையிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. 2007இல் பொறியியல் நுழைவுத் தேர்வு போனது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்தது. 2022இல் புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போன பெண்களின் கையில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. பலன் கண்கூடு. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் அது 47. இப்படிப் பார்த்துப் பார்த்து உள்ளே அனுப்பிய பிள்ளை நான்காண்டு கழித்துப் பட்டத்தோடு வெளியே வரும்போது அவரை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் நாம் காட்டும் அக்கறை மிகக் குறைவு.

வெளியே நிலைமை எப்படி? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட 2024ஆம் ஆண்டின் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கைப்படி, 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம். பட்டதாரி இளைஞர்களிடையே 29.1. படிக்காதவருக்கு வேலை எளிதில் கிடைக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. கிடைத்ததைச் செய்யாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது, அவ்வளவுதான். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள வயதுவாரிக் கணக்கு. 25 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளில் 42 சதவீதத்துக்கும் மேல் வேலையின்றி இருக்கிறார்கள். முப்பதைத் தாண்டியவர்களிடம் அது 10 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடுகிறது. ஆகப் பெரும்பாலோருக்குக் கடைசியில் ஏதோ ஒரு வேலை கிடைக்கிறது. சிக்கல் நுழைவாயிலில் இருக்கிறது, அங்கே இளமையின் ஐந்தாறு ஆண்டுகள் கரைகின்றன. கடைசியில் கிடைக்கும் அந்த வேலை படித்த படிப்புக்கு ஏற்றதா என்பது தனிக் கேள்வி.

இதற்கு நம் பொதுவெளியில் ஒரே ஒரு விளக்கம்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: பட்டதாரிகளுக்குத் திறமை இல்லை. 2005இல் மெக்கின்சி நிறுவனம் இந்தியப் பொறியாளர்களில் கால்வாசிப் பேர்தான் பன்னாட்டு நிறுவனங்களுக்கு ஏற்றவர்கள் என்றது. 2023-24ஆம் ஆண்டின் மத்தியப் பொருளாதார ஆய்வறிக்கை, இளைஞர்களில் 51.25 சதவீதம் பேர் மட்டுமே வேலைக்குத் தகுதியானவர்கள் என்ற கணக்கை எடுத்துப் போட்டது. அந்தக் கணக்கின் மூலம் வீபாக்ஸ் என்ற நிறுவனத்தின் தேர்வு. ஆட்சேர்ப்புத் தேர்வு நடத்துவதே அதன் தொழில். எண்ணைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆய்வகம் பூட்டியே கிடக்கும் கல்லூரிகளும், புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கமும் இங்கே இருக்கின்றன. ஆனால் பிழை முழுவதும் மாணவரிடம் என்று முடிவு கட்டிவிட்டால், தேர்ந்தெடுப்பவரின் திறமையை அளக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

அரசின் முயற்சியும் பெரும்பாலும் அந்த ஒரு பக்கத்திலேயே நிற்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் நல்ல திட்டம். கிராமப்புறக் கல்லூரியிலும் தொழில்துறை தரும் பயிற்சியைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்து மதிப்பெண்ணோடு இணைத்தது சிறிய காரியமல்ல. ஆயினும் அது மாணவரை மாற்றுகிறதே தவிர வாசலைத் தொடுவதில்லை.

அந்த வாசலில் என்ன நடக்கிறது என்பதைச் சில ஆய்வாளர்கள் பொறுமையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2005 அக்டோபரிலிருந்து 66 வாரம் ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். கல்வித் தகுதி ஒன்றே. பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. தில்லியில் அபிஜித் பானர்ஜியும் சகாக்களும் செய்த இன்னோர் ஆய்வில், மென்பொருள் வேலைகளில் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. இந்த இரண்டாவது முடிவைச் சமூகநீதி பேசுகிறவர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. திறனை நேரடியாகச் சோதிக்க முடிகிற வேலைகளில் பெயருக்கு வேலை குறைகிறதோ என்ற நல்ல கேள்வியை அது எழுப்புகிறது.

நமக்கு நெருக்கமானது சஹ்ரா சித்திக் சென்னையில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு. அதே எண்ணிக்கையில் அழைப்பு வர, ஒடுக்கப்பட்ட சாதி விண்ணப்பதாரர் சராசரியாக 20 சதவீதம் கூடுதலாக விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஆய்வின் நுட்பம் அடுத்த படியில் இருக்கிறது. சிறிய நிறுவனங்கள் உயர்சாதிப் பெயர்களின் பக்கம் சாய்ந்தன. பெரிய நிறுவனங்களில் சாய்வு எதிர்த்திசையில் இருந்தது. ஒதுக்கப்பட்டோரை வேலைக்கு எடுப்போம் என்று பெரிய நிறுவனங்கள் கொடுத்திருந்த வாக்குறுதிகளோடு இது பொருந்துகிறது என்கிறார் சித்திக். வெளிப்படையாக ஒரு கடப்பாட்டை ஏற்றால் நடத்தை மாறும் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம்.

தமிழர் பெயர்களில் சாதிப் பின்னொட்டு பெரும்பாலும் கிடையாது. ஆகவே ரெஸ்யூமில் பெயரை மறைத்தால் போதும் என்ற வெளிநாட்டு மருந்து இங்கே பாதிதான் வேலை செய்யும். இங்கே அந்தக் கேள்வி ஹெச்.ஆர். ரவுண்டில் சிரித்த முகத்தோடு வருகிறது. சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்கிறார்? சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லியில் 25 மனிதவள மேலாளர்களைச் சந்தித்து 2007இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பதிவு செய்கிறது. எல்லோரும் தகுதி ஒன்றே அளவுகோல் என்றார்கள். அனேகமாக எல்லோரும் குடும்பப் பின்னணியைக் கேட்போம் என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்தியாவின் முன்னணிக் கல்லூரி ஒன்றின் வளாகத் தேர்வுத் தரவுகளைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்த சௌமித்ர சுக்லாவின் ஆய்வு இன்னும் துல்லியமானது. விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, குழு விவாதம் வரை சாதிவாரி இடைவெளி பெரிதாக இல்லை. இடைவெளி ஏறக்குறைய முழுவதும் கடைசிச் சுற்றில், தனி நேர்முகத்துக்கும் வேலை உத்தரவுக்கும் இடையில் உருவாகிறது. பேச்சுமுறை, வளர்ந்த இடம், குடும்பம் ஆகியவை எடைபோடப்படும் சுற்று அது. நிறுவனத்தின் பண்பாட்டுக்குப் பொருந்துவாரா என்ற கேள்விக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், வேலையில் யார் நன்றாகச் செய்வார் என்று கணிப்பதில் இந்தத் தோராயமான உரையாடல் மிகவும் பலவீனமான கருவி. பால் சாக்கெட் குழுவினர் 2022இல் பழைய ஆய்வுகளை எல்லாம் மறுகணக்கிட்டார்கள். போகிற போக்கில் கேள்வி கேட்கும் நேர்முகத்துக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் இடையிலான தொடர்பெண் 0.19. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே எழுதிவைத்த அளவுகோலின்படி மதிப்பெண் போடும் நேர்முகத்துக்கு அது 0.42, அவர்கள் ஒப்பிட்ட முறைகளில் அதுவே முதலிடம். எது நியாயமானதோ அதுவே நிறுவனத்துக்கும் லாபமானது. இப்படி இரண்டும் ஒரே திசையில் செல்லும் இடங்கள் உலகில் அதிகமில்லை. கேள்வித்தாள் தயாரிக்கவும், இருவர் தனித்தனியாக மதிப்பெண் போடவும் ஆகும் கூடுதல் நேரம்தான் செலவு.

பழைய மதிப்பெண்ணைக் கைவிட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் 2015இல் எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனம் பள்ளி, பட்ட மதிப்பெண் வரம்புகளை நுழைவு நிபந்தனையிலிருந்து நீக்கித் தன் சொந்தத் தேர்வை நம்பியது. அதே ஆண்டு டெலாய்ட், விண்ணப்பதாரர் எந்தப் பல்கலைக்கழகம் என்பது நேர்முகம் செய்பவருக்குத் தெரியாமல் மறைத்தது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஸோஹோ நிறுவனம் 2000களின் நடுப்பகுதியிலிருந்து பள்ளிப் படிப்பும் டிப்ளோமாவும் முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுத்து வருகிறது. அதற்கான பயிற்சிப் பள்ளி தென்காசியிலும் நடக்கிறது. பட்டமே கேட்காமல் மென்பொருள் நிறுவனம் நடத்த முடிகிறபோது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் இல்லாமல் நடத்த முடியாதா?

மாணவர் பக்கத்தில் எந்த உதவி பயன் தருகிறது? இதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கும் சான்றுகள் நம்முடையதைவிட உறுதியானவை. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் வேலை தேடும் இளைஞர்களில் ஒரு பிரிவினருக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு விண்ணப்பம் எழுதவும் நேர்முகத்தை எதிர்கொள்ளவும் பட்டறை நடத்தி, திறன் தேர்வு வைத்து, முடிவைச் சான்றிதழாகக் கையில் கொடுத்தார்கள். தொடக்கத்தில் இரண்டுமே நல்ல வேலை கிடைக்க உதவின. நான்காண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது பேருந்துக் கட்டணத்தின் தாக்கம் மறைந்திருந்தது. பட்டறைக்கு வந்தவர்களின் வருமானம் சுமார் 20 சதவீதம் உயர்ந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் திறன் தேர்வு முடிவை நிறுவனங்களிடம் காட்டக்கூடிய சான்றிதழாகக் கொடுத்ததில் வேலையில் இருப்போர் விகிதம் 17 சதவீதமும் வருமானம் 34 சதவீதமும் கூடின. இந்தச் சான்றிதழ்களால் யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. இருந்த திறமை வேலை கொடுப்பவர் கண்ணுக்குத் தெரிந்தது, தேடுபவருக்கும் தன் பலம் எங்கே என்று புரிந்தது.

நம் பிள்ளைகள் எழுதும் தேர்வுகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மாணவர் ஒரே ஆண்டில் நிறுவனத்துக்கு ஒன்றாக அதே கணக்கும் அதே தர்க்கமும் அதே நிரலும் எழுதுகிறார். பெரும்பாலும் மதிப்பெண் சொல்லப்படுவதில்லை; தேர்வாகவில்லை என்ற மின்னஞ்சல்கூட எப்போதும் வருவதில்லை. எங்கே சறுக்கினோம் என்று தெரியாமலேயே அடுத்த தேர்வுக்குப் போகிறார். முடிவை அவரவர் கையில் கொடுக்க நிறுவனங்களுக்கு ஒரு பைசாகூடச் செலவாகாது. நான் முதல்வன் திட்டத்தின் மதிப்பீடுகளைப் பல நிறுவனங்கள் பொதுவாக ஏற்கும் சான்றிதழாக மாற்றினால், கல்லூரியின் பெயரைத் தாண்டித் தென்கோடியில் படிக்கும் ஒரு பெண்ணின் திறமை சோழிங்கநல்லூரில் தெரியும்.

தேர்வானதோடு கதை முடிவதுமில்லை. ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு என்னென்ன நடக்கலாம் என்பதை அண்மை ஆண்டுகள் காட்டின. 2023இல் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று சொல்லிவைத்திருந்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. இன்ஃபோசிஸில் 2022இல் தேர்வான சிலர் ஏறத்தாழ இரண்டாண்டு காத்திருந்து 2024இல் சேர்ந்தார்கள். 2025 பிப்ரவரியில், உள்தேர்வில் தேறவில்லை என்று மைசூரு பயிற்சி மையத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டதாக நிறுவனமே சொன்னது. சந்தை சரிந்தால் நிறுவனங்கள் திணறத்தான் செய்யும். ஆனால் காத்திருந்த மாணவர், ஒருவருக்கு ஒரு வேலைதான் என்ற கல்லூரியின் விதிப்படி மற்ற வாய்ப்புகளை விட்டுக் கொடுத்தவர். ஆஃபர் லெட்டரில் மாணவரைக் கட்டுப்படுத்தும் பாண்டு ஆண்டும் தொகையுமாகத் தெளிவாக இருக்கிறது. நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் சேரும் தேதி இல்லை. புதியவருக்கான சம்பளம் பத்தாண்டுக்கு மேலாக மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சிறிய நிறுவனங்களில் இன்னும் மோசம். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள், விலகும்போது பணம் கேட்கிறார்கள். கல்விச் சான்றிதழ் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய சந்தைப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தும் வழக்கம் ஓயவில்லை. வேலை வாங்கித் தருவதாக முன்பணம் வாங்கும் கன்சல்டன்சிகள் வேறு. வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிற பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 181ஆவது உடன்படிக்கையை இந்தியா ஏற்று உறுதி செய்யவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்கிற அரசமைப்பின் 16ஆவது கூறு தனியாரைக் கட்டுப்படுத்தாது. ஆட்சேர்ப்பில் பாலின வேறுபாட்டை 1976இன் சம ஊதியச் சட்டம் தடுத்தது; இப்போது அதன் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016இன் சட்டம் உண்டு. தனியார் வேலையில் சாதியையோ மதத்தையோ காட்டி ஒருவரை ஒதுக்கினால் முறையிடுவதற்குப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. சம வாய்ப்பு ஆணையம் வேண்டும் என்று 2006இல் சச்சார் குழு பரிந்துரைத்தது, அது வரவில்லை. சட்டம் இருக்கும் இடத்திலும் கண்காணிப்பு வலுவாக இல்லை. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை உற்பத்திப் பிரிவு வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதிய பிறகுதான் மத்திய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. பாகுபாடு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. ஆனால் விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலையைக் குறிப்பிட வேண்டாம் என்று ஆள்சேர்க்கும் முகவர்களுக்குப் பின்னர் உத்தரவு போனது. ஒரு செய்திக் கட்டுரை செய்த வேலையைத் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் முன்பே செய்திருக்கலாம்.

மறந்துபோன ஒரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959இலேயே ஒரு சட்டம் போடப்பட்டது. அதன் வழியாக ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. தெரிவித்தால் போதும் என்றிருந்தது. தெரிவிக்காவிட்டால் முதல் முறை அபராதம் அதிகபட்சம் 500 ரூபாயாக இருந்தது. எங்கே எத்தனை இடம் காலி என்ற அடிப்படைத் தகவலே பொதுவில் இல்லாமல் போனதற்கு இந்தத் தொகையே போதுமான விளக்கம்.

கல்லூரிக்கும் வேலைக்கும் நடுவே தொழிற்பழகுநர் பயிற்சி என்ற பாலம் இருக்கிறது. 1961இன் சட்டம் 1973இல் பட்டதாரிகளுக்கும் விரிந்தது. 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். 2019இன் விதித் திருத்தம் பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை 9,000 ரூபாயாக்கியது. அதில் பாதியை மத்திய அரசு திருப்பித் தருகிறது. தென்னிந்தியாவுக்கான பயிற்சி வாரியம் தரமணியிலேயே இருக்கிறது. ஓராண்டு ஒருவரை அருகிலிருந்து பார்ப்பதைவிட நல்ல தேர்வுமுறை எது? கலை, அறிவியல் பட்டதாரிகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பழகுநரை மலிவான கையாளாக வைத்து ஆண்டு முடிந்ததும் அடுத்தவரை எடுக்கும் நிறுவனங்களும் உண்டு. பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது 2014இன் திருத்தம். அந்தக் கொள்கையைக் காட்டுங்கள் என்று கல்லூரிகள் கேட்கத் தொடங்கலாம்.

பிளேஸ்மெண்ட் அதிகாரி தனியாளாக இதையெல்லாம் செய்ய முடியாது. நிபந்தனை பேசினால் நிறுவனம் அடுத்த கல்லூரிக்குப் போய்விடும் என்ற அவருடைய அச்சம் நியாயமானது. அச்சம் இல்லாமல் பேசக்கூடிய தரப்பு அரசு. நிலமும் மின்கட்டணச் சலுகையும் முதலீட்டு மானியமும் கொடுத்து, இத்தனை ஆயிரம் வேலை என்று ஒப்பந்தம் போடுகிறவர்கள் அவர்கள்தான். சலுகை பெறும் நிறுவனம் புதியவர்களை எந்த அளவுகோலில் எடுத்தது, எந்த மாவட்டங்களிலிருந்து, எந்த வகைப் பள்ளிகளில் படித்தவர்களை, எத்தனை பெண்களை, ஆஃபர் கொடுத்தவர்களில் எத்தனை பேரைச் சொன்ன தேதிக்குள் சேர்த்தது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இதற்குச் சட்டமன்றத்தில் புதுச் சட்டம் தேவையில்லை, அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்.